நான்காவது தோள்

மகனே,

பேசாமல் இருந்தது போதும். தை மாதக் கடைசியில் நீ வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று சொல்லிவிட்டுப் போனாயே, அன்றிலிருந்து நான் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. திறக்க எனக்கு ஆளும் இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் கடிதம் போடுவதை நிறுத்திவிட்டார்கள். ஊரில் பாதிப் பேரோடு எனக்குப் பேச்சு இல்லை. இருக்கிறவள் உன் அம்மா ஒருத்தி. அவளிடம் இதைப் பேச முடியாது. ஆகவே உனக்கே எழுதுகிறேன். நீ இப்போது இருப்பது திருப்பதியில், மாமனாராகப் போகிறவர் வீட்டு மாடியில். தபால் முதலில் அவர் கைக்குத்தான் போகும் என்று தெரியும். பிரித்துப் படித்தால் படிக்கட்டும். அவருக்கு மறைக்க வேண்டியது எதுவும் இதில் இல்லை.

நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நைனா, கல்யாணத்துக்கு அம்மாவத் தூக்கினு வர வேணாம். பொண்ணு வீட்டுல சொல்றாங்க. சத்திரத்து வாசல்ல நாலு பேரு ஒருத்தரப் படுக்க வச்சித் தூக்கினு வந்தா பாக்கறவங்களுக்கு நல்லா இருக்காதாம். முடிஞ்சதும் நாங்களே வந்து அம்மா கால்ல வுழறோம்." இதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னாய், உள்ளே கேட்காது என்று நினைத்து. வருஷக்கணக்கில் படுத்தே இருப்பவளுக்கு வீட்டில் எது கேட்காது என்கிறாய்? கொல்லையில் எந்த ஆடு வந்து எந்தச் செடியைக் கடிக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவள் அவள். நான் உன்னிடம் "சரி" என்று மட்டும் சொன்னேன். அந்தச் சரியை இந்தக் கடிதத்தோடு திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

உன் அம்மா வேர்க்கடலைச் செடிப் போரின் மேலிருந்து விழுந்தபோது நீ மதராஸில் படித்துக்கொண்டிருந்தாய். முதுகெலும்பில் அடி. தலையைச் சற்று உயர்த்தினாலும் இடுப்பில் நெருப்பு வைத்தது போல வலிக்கும், பிறகு கால் இரண்டும் மரத்துப்போகும். அதனால் உட்கார்த்தக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் உட்கார்த்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, உட்கார முடியாத ஒருவரை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோவது என்றால் என்னவென்று. பஸ்ஸில் ஏற்ற முடியாது, சீட்டு உட்காருகிறவர்களுக்காகச் செய்தது. மாட்டு வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் அவள் கத்துகிற கத்தலில் மாடு மிரளும். பாம்பு கடித்தவனுக்கும் பிள்ளை வலி கண்டவளுக்கும் எப்படியாவது ஒரு வண்டி கிடைத்துவிடும், நாலு பேர் ஓடி வருவார்கள். உன் அம்மாவுக்கு அவசரமில்லை. இன்றைக்கே சாகப் போவதில்லை, நாளைக்கும் சாகப் போவதில்லை. இப்படிப்பட்டவருக்காக யாரும் ஓடி வருவதில்லை. போகும் இடமெல்லாம் எனக்குச் சொல்லப்பட்டது ஒரே பதில்தான்: அவசரமில்லையே சார், பார்ப்போம்.

முதல் தடவை ஒரு வேன் கிடைத்தது. திருத்தணிப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் வேன். பின்கதவைத் திறந்தால் படுக்கப் பலகை இருக்கும். அதில்தான் அவளைக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டுக் கொண்டுவந்தோம். அதற்குள் எல்லைத் தகராறு முற்றி, திருத்தணித் தாலுகா மதராஸ் பக்கம் போனது, நம் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. மறுபடி வேன் கேட்டு நான் போனபோது அதே டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "உங்க ஊரு இப்ப வேற ஸ்டேட்டு சார். பர்மிட் இல்லாம வந்தா என் வண்டியப் புடிச்சி வச்சிக்குவாங்க. ஆபத்துன்னா கூட ஏதோ சொல்லி வருவேன். அம்மாவுக்குத்தான் ஆபத்து இல்லியே." நல்ல மனிதர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபம் யார் மேல் என்பது உனக்குத் தெரியும்.

நம் ஊர் தமிழ் பேசும் ஊர், இது மதராஸோடு சேர வேண்டும் என்று மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போனவன் நான். விசாரிக்க அதிகாரிகள் வந்தபோது, பங்காளி முனுசாமி எனக்கு எதிராகப் போய் நின்றான். ஏன்டா என்று கேட்டதற்கு, அத்தனை பேர் முன்னால், "ண்ணா, எனக்குச் சம்பந்தம் புத்தூர்ல, சந்தை புத்தூர்ல, மல்லாட்ட மூட்ட போடற மண்டி புத்தூர்ல. தமிழு என் வாயில கீது, அத்த எவனும் புடுங்கினு போவ மாட்டான். கோடு எங்க போட்டா எனக்கின்னா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவனைத் துரோகி என்றேன். அதோடு பேச்சு நின்றது. ஒரே சுவர்தான் அவன் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும். அந்தச் சுவருக்கு இப்பாலிருந்து அவன் இருமுவதைக் கேட்டுக்கொண்டே வருஷங்களை ஓட்டினேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்புகள் குறைந்து, பத்தாம் வகுப்புக்குப் பாடம் சொன்ன என்னைச் சின்னப் பிள்ளைகளின் கையெழுத்துப் பயிற்சியைப் பார்க்கச் சொன்னபோதும், இதற்கு அவனும் ஒரு காரணம் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். வயதானால் மனிதன் எல்லோரையும் மன்னித்துவிடுவான் என்கிறார்கள். எனக்கு அந்த வயது இன்னும் வரவில்லை.

ஆனால் படுத்திருப்பவரைத் தூக்க நான்கு தோள் வேண்டும். இதில் படிப்பும் ரோஷமும் உதவாது. போன வருஷம் திருப்பதியில் பெரிய டாக்டரிடம் காட்டவேண்டும் என்று வந்தபோது, நான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். என் தோள் ஒன்று. மற்ற மூன்றுக்கு யாரிடம் போனாலும் பழைய சண்டை ஒன்று குறுக்கே வந்து நின்றது. இரண்டு வாரம் அப்படியே போனது. கடைசியில் உன் அம்மா படுத்தபடியே சுவரைத் தட்டி, ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டாள்: "டேய் முனுசாமி! உங்கண்ணனுக்கு ரோசம், எனக்கு முதுகு வலி. எதுடா பெருசு?" சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. பிறகு, "தோ வரேன் அண்ணி" என்றான். வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தான். என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே எல்லாம் கேட்டான்.

கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்யும், முதுகு வளையும். ஆகவே கொல்லைக் கதவைக் கீலிலிருந்து கழற்றினோம். அதன் மேல் மெத்தை, அடியில் இரண்டு மூங்கில். நீ வந்த அன்று கொல்லை வாசலில் சாக்குத் தொங்குவதைப் பார்த்து, "கதவு எங்க நைனா, கரையான் துன்னுடுச்சா?" என்று கேட்டாயே, அதுதான் விஷயம். அந்தக் கதவுக்கு இப்போது வேறு வேலை.

ஊரைத் தாண்டும் வரை நன்றாகத்தான் போனோம். நான் குட்டை, என் மூலை தாழ்ந்து தாழ்ந்து போனது, அவள் தலை என் பக்கம் சரிந்தது, "மேல தூக்குங்க, மேல தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மற்றபடி ஒன்றுமில்லை. சாலை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. அங்கே முனுசாமி நின்றான். மூவரும் ஒன்றாகக் குனிந்து பலகையை இறக்கினார்கள். அவர்கள் குனிந்ததால் நானும் குனிந்தேன். பிறகு மூன்று பேரும் பலகையை அப்படியே சுற்றித் தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பி, மறுபடி தோளில் வைக்கப் போனார்கள். நீ ஊரில் வளர்ந்தவன், புரிந்திருக்கும். நம் ஊரில் நான்கு பேர் சேர்ந்து தூக்கிப் பழகியது ஒன்றே ஒன்றைத்தான். அந்தச் சந்தியில்தான் பாடையை இறக்கித் திருப்புவது வழக்கம். கால் தானாக நின்றது, கை தானாகத் திருப்பிற்று. யாரும் யோசித்துச் செய்யவில்லை. எனக்கும் தோன்றவில்லை, நானும் சேர்ந்துதான் திருப்பினேன்.

"டேய் பாவிங்களா, நான் இன்னும் சாவலடா!" என்று கத்தினாள் உன் அம்மா. முனுசாமிக்கு முகம் செத்துவிட்டது. "அய்யோ அண்ணி, கை வாட்டத்துல பண்ட்டோம்" என்றான். "கை வாட்டத்துல கொள்ளி வச்சிடப் போறீங்கடா" என்றாள். சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள், சிரித்தால் முதுகு வலிக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அப்போது எதிரே சைக்கிளில் வந்த ஒருவன் இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். அதற்கப்புறம் டீக்கடைக்காரன் எங்களைப் பார்த்ததும் கடையின் முன்தட்டியைப் பாதி இறக்கினான். ஒரு பெண் குழந்தையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். உன் அம்மா மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாலும் எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. "அந்தக் கொடைய இப்டி குடுங்க" என்றாள் என்னிடம். என் குடையை வாங்கி விரித்துத் தானே பிடித்துக்கொண்டாள். செத்தவர் குடை பிடிப்பதில்லை அல்லவா? அதற்குப் பிறகு எந்தக் கடையும் தட்டியை இறக்கவில்லை. "இன்னாம்மா ஒடம்புக்கு?" என்று நின்று கேட்டார்கள். குடையை ஒரு சுழற்றுச் சுழற்றிப் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

தார்ச்சாலையில் ஒரு கடலை லாரி கிடைத்தது. மூட்டைகள் மேல் பலகையை வைத்துப் புத்தூர் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தோம். ரயில் பெட்டியின் வாசலில் பலகை நுழையும், ஆனால் உள்ளே திரும்பாது. சாய்த்தால் நுழையும், அவளைச் சாய்க்க முடியாது. கார்டு இருக்கும் பிரேக் வேனில் ஏற்றலாம் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். கார்டு எட்டிப் பார்த்து, "பாடியா?" என்றார். ஆள் என்றேன். "ஆளுன்னா ப்ரேக்குல ஏத்த முடியாது சார். பாடின்னா பேப்பர் இருந்தா ஏத்தலாம்." குடைக்கு அடியிலிருந்து உன் அம்மா சொன்னாள்: "பொணம்னே எழுதிக்க சாமி. திருப்பதி போனதும் பெருமாள் உசிரு குடுத்துட்டார்னு சொல்லிக்கலாம்." கார்டு அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தன் பெட்டியை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தார். வண்டி மாறுகிற ரேணிகுண்டா வரை அவளோடு பேசிக்கொண்டே வந்தார். அவருடைய அம்மாவுக்கும் ஏதோ முதுகு வலியாம். நான் கதவோரம் நின்றுகொண்டு வந்தேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இதுவரை நடந்ததை உன் அம்மாவே உனக்குச் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருப்பாள். இனி எழுதப்போவதை அவள் எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டாள்.

திருப்பதி ஸ்டேஷனுக்கு நீ வந்திருந்தாய். இஸ்திரி போட்ட சட்டை. என் தோள் அதற்குள் விட்டுப்போயிருந்தது. நீ வந்து என் மூலையை வாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ, "இப்டி வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாய். வழி காட்டுகிறாய் என்று நினைத்தேன். போகப் போக உனக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. கடைத்தெருவில் உன் ஆபீஸ்காரர் ஒருவர் எதிரே வந்து, எங்களைக் காட்டி, "எவரு வீள்ளு?" என்று கேட்டார். யார் இவர்கள் என்று. நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாய்: "மா ஊரிவாள்ளு. ஆஸ்பத்திரிகி." எங்க ஊர்க்காரங்க.

எனக்குத் தெலுங்கு வராது என்று நீ நினைத்திருக்க மாட்டாய். நாங்கள் பின்தங்கிவிட்டோம், காதில் விழாது என்று நினைத்திருப்பாய். விழுந்தது. முனுசாமி தலையைக் குனிந்துகொண்டான். அது சாயங்காலம், தெருவில் வெயிலே இல்லை. அதுவரை மேலே தூக்கிப் பிடித்திருந்த குடையை உன் அம்மா மெதுவாகக் கீழே இறக்கினாள். முகத்தை முழுக்க மூடும் வரை இறக்கினாள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அதை எடுக்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, சமமாகப் படுக்க வைத்திருங்கள், போதும் என்றார். நீ தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். திரும்பி வரும்போது சந்தியில் யாரும் சிரிக்கவில்லை.

இதற்காக உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டும் போல. கல்யாணக் கடிதங்களில் அப்படித்தான் எழுதுவார்கள். எனக்கு எழுத வரவில்லை. ஆனால் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பன் என்ற முறையில் சில காரியங்கள் சொல்லலாம். அவை எனக்குத் தெரியும், வேறு யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள். நீ வீடு கட்டினால் வாசலை அகலமாக வை. படுத்திருப்பவரைத் தூக்கிக்கொண்டு திரும்புவதற்கு நடையில் இடம் விடு. ஒருவரைத் தூக்குவதற்கு முன் தூக்கப் போகிறேன் என்று அவரிடம் சொல், மூட்டை போலத் திடீரென்று தூக்காதே. அவர் தலைக்கு மேலே மற்றவர்களோடு அவரைப் பற்றிப் பேசாதே. முக்கியமாக, படுத்திருப்பவரிடம் பேசும்போது குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்துக்கு நேராகப் பேசு. நீ வருகிறபோதெல்லாம் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிறாய். கீழேயிருந்து பார்க்கிறவளுக்கு உன் முகம் தெரிவதில்லை, மோவாயின் அடிப்பக்கம்தான் தெரிகிறது. போன தடவை நீ போன பிறகு அவள் என்னிடம் சொன்னது இதுதான்: "மோவாய்க்கு அடியில வெட்டிக்கினு கீறான். பிளேடு மாத்தச் சொல்லுங்க." கல்யாணத்துக்கு வரவேண்டாம் என்று அவள் காதில் விழச் சொல்லிவிட்டுப் போன பிள்ளையைப் பற்றி.

இரண்டு நாள் கழித்து அவளே பேச்சை எடுத்தாள். "நாம போவ வேணாங்க. அவன் சொல்றதும் நாயந்தான். நல்ல காரியத்துல எதுக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, விட்டத்தைப் பார்த்தபடியே, "அந்தக் கொடையில ஒரு கம்பி பூட்ச்சி. கட்டி வையுங்க" என்றாள். எதுக்கு என்று கேட்டேன். "எதுக்கோ. வெயில் வருதில்ல?" என்றாள். வீட்டுக்குள் கூரைக்கு அடியில் படுத்திருக்கிறவளுக்கு எந்த வெயில் வருகிறது? நான் எழுந்து போய்க் குடையை எடுத்து வந்து கம்பியைக் கட்டினேன். கட்டுகிற வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு உனக்குத் தெரியாமல் திருப்பதிக்கு வந்தேன். உன் கல்யாணச் சத்திரத்தைப் போய்ப் பார்த்தேன். "முன்னாடி மெட்லு ஜாஸ்தி சார், பக்கத்து வாசல்ல ரண்டி" என்றான் காவல்காரன். படிகளில்லாத அந்தப் பக்கத்து வாசலில் பலகை தாராளமாக நுழையும், உள்ளே திரும்பவும் இடமிருக்கிறது. மணமேடைக்கு இடப்பக்கத் தூணருகே வைத்தால் யாருக்கும் வழி மறிக்காது, தாலி கட்டுவதும் தெரியும். புத்தூர் ஸ்டேஷனில் பேசிவிட்டேன். கடைசியாக, சுவரைச் சுற்றிக்கொண்டு முனுசாமி வீட்டுக்குப் போனேன். துரோகி என்று சொன்ன பிறகு அந்த வாசலை நான் மிதித்ததில்லை. கழனி வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணா, வழி தப்பி வந்துட்டியா?"

"கல்யாணத்துக்குத் தூக்கணும்" என்றேன்.

"யார? மாப்பிள்ளையையா?"

"உங்கண்ணிய."

கையைத் துடைத்துக்கொண்டான். "தூக்கறோம். ஆனா ஒண்ணுண்ணா, இந்த வாட்டி நீயும் பேசினு வரணும். போன வாட்டி நீ ஊமையாட்டம் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு வந்ததுலதான் பாக்கறவன்லாம் எழவுன்னு நென்ச்சான்." பிறகு, "நாலாவது ஆளு? உன் தோளு ஒத்துக்காதே. என் மருமவன வரச் சொல்லட்டா?" என்றான். அவன் கேட்டது நியாயம். போன வருஷத்துக்குப் பிறகு என் வலது கை, வேட்டியைக் கொடியில் போடும் அளவுக்குக்கூட உயர்வதில்லை. ஆனாலும் வேண்டாம் என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அவனும் அந்தக் கடைத்தெருவில் இருந்தவன்தானே.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பகல் வண்டியில் வருகிறோம். பிரேக் வேன் பிளாட்பாரத்தின் கடைசியில் நிற்கும். மூன்று மூலையை அவர்கள் மூவரும் தூக்குவார்கள். நான்காவது மூலையை நான் பிடித்திருப்பேன், நீ வருகிற வரை. வராவிட்டால் சத்திரம் வரைக்கும் நானே பிடித்துக்கொண்டு வருவேன். அந்த மூலை தாழ்ந்து போயிருக்கும், தூரத்திலிருந்தே உனக்குத் தெரியும். அவள் குடை பிடித்திருப்பாள். உயர்த்திப் பிடித்திருக்கிறாளா, முகத்தை மூடியிருக்கிறாளா என்பதும் தெரியும். அது என் கையில் இல்லை.

கடைசியாக ஒன்று. மாமனார் இதைப் பிரித்துப் படித்துவிட்டு, யார் எழுதியது என்று உன்னைக் கேட்கலாம். ஊர்க்காரர் யாரோ என்று சொல்ல உனக்கு வசதியாக இருக்கட்டும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.